‘பஸ் செல்’ என்று எழுதும் முன்

இந்த லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். ஓய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். பதினோரு வருடம் இந்த மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவள், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இதே வேலையைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். மைக்ராஸ்கோப்பைப் பொறுத்தவரை அது ஓய்வுதான்.

சோதனைகளை எப்படிச் செய்வது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான், வரிசை எண் போட்டிருப்பேன். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்குப் புரியும். சுவரில் ஒட்டாத பட்டியல் ஒன்று உண்டு. மேஜையின் இடது இழுப்பறையில் நீல அட்டை நோட்டு இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்துக்கு ‘பொருந்தாதவை’ என்று தலைப்பு. அந்தப் பக்கம் என்னுடைய ஒரு தவறிலிருந்து வந்தது.

எண்பதுகளின் கடைசி. நான் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் ஆவடி, அங்கிருந்து பஸ்ஸில் பூந்தமல்லி என்று வந்து போய்க்கொண்டிருந்தேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில் அப்போது ஒரு வாட்ச் ரிப்பேர் கடை இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் சாலையில்தான் நிற்க வேண்டும். கடைக்காரரை எல்லோரும் வாட்ச் பாய் என்போம். முப்பது வயது இருக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர்ப் பரிசோதனைக்கு எங்களிடம் வருவார். விலாவில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மாங்காட்டில் இருந்த அவருடைய டாக்டர், எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து எழுதுவார்.

நான் எழுதுவது ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். பஸ் செல் ‘பிளெண்டி’ (நிறைய), யூரிக் ஆசிட் படிகங்கள் உண்டு.

பஸ் செல் என்றால் சீழ் செல். உண்மையில் அவை ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள். கிருமி நுழைந்தால் எதிர்க்க ஓடிவரும் காவலர்கள். சிறுநீரில் அவற்றைப் பார்த்தால் சீழ் செல் என்று எழுதுவது எல்லா லேபிலும் இருக்கும் வழக்கம். பாய் முதல் ரிப்போர்ட்டையே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா தங்கச்சி, பஸ்ஸு பிளெண்டினு போட்டுகீற? பூந்தமல்லி டிப்போலயே அவ்ளோ பஸ்ஸு இல்லியே.”

“அது வேற பஸ், பாய். சீழ்.”

“அப்ப அம்பத்திநாலாம் நம்பரு வராதா?”

“வராது.”

“ரோட்லயும் வரமாட்டேங்குது, இங்கயும் வராதா? நல்லாகீது போ.”

அன்றிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, “இன்னிக்கு எத்தினி பஸ்ஸு?” என்பதுதான். நானும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அப்போது எங்கள் லேபில் ஒரு பழக்கம். பழைய நோயாளி வந்தால் போன ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவோம். பெரிய வித்தியாசம் வந்தால் தவறு பிடிபடும் என்பதற்காக ஆரம்பித்தது. நாளாக ஆக, போன முறை எழுதியதை இந்த முறையும் பார்ப்பதற்கான பழக்கமாக அது மாறிவிட்டது. பாயின் சிறுநீரில் இருந்தவை பழுப்பு நிறமான உருண்டைகள். உள்ளே ஆரக்கால் போன்ற கோடுகள். யூரிக் ஆசிட் பல வடிவங்களில் வரும், அதில் இதுவும் ஒன்று என்று முதல் மாதம் முடிவு செய்தேன். அடுத்த பதின்மூன்று மாதங்கள், நான் முடிவு செய்ததையே பார்த்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாய் சிறுநீரோடு ரத்தமும் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. கேலி ஒன்றும் வரவில்லை.

“டாக்டரு இந்த வாட்டி ஊசின்றாரு தங்கச்சி. பத்து நாளு. மாத்திரைக்கு அடங்கலயாம். ஒரு மணிக்குள்ள ரிப்போர்ட்ட எடுத்துகினு வா, இன்னிக்கே ஆரமிச்சிடலாம்னுட்டாரு.”

“என்ன ஊசி?”

சீட்டைக் காட்டினார். ஜென்டாமைசின். கடுமையான கிருமிகளுக்குப் போடுவது. நல்ல மருந்துதான். ஆனால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும்.

உள்ளே போய் ரத்தத்தில் கிரியாட்டினினைப் பார்த்தேன். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. வேலை குறைந்தால் ரத்தத்தில் ஏறும். ஒரு வருடத்துக்கு முன் 1.4. நான்கு மாதத்துக்கு முன் 1.9. அன்று 2.6. இன்னொரு முறை செய்தேன், 2.6தான். இந்த வேகத்தில் போனால் அடுத்த வருடம் இந்த மனிதருக்குச் சிறுநீரகம் என்று ஒன்று இருக்காது. இதற்கு மேல் பத்து நாள் ஊசி.

ரிப்போர்ட் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். லிட்மஸ் தாள் நீலமாகியிருந்ததால் இரண்டாவது வரியில் ‘காரம்’ என்று எழுதினேன். எரிச்சலுக்காக டாக்டர் கொடுத்த காரத்தன்மையுள்ள சிரப்பை பாய் மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தார், அதனால் அதில் ஆச்சரியமில்லை. கீழே வந்து, ‘யூரிக் ஆசிட்’ என்று எழுதப் பேனாவை வைத்தேன்.

கை நின்றது.

யூரிக் ஆசிட் காரத்தில் கரையும். அமிலச் சிறுநீரில்தான் படிகமாக நிற்கும். இது முதல் வருடப் பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பழைய நகல்களைப் புரட்டினால், மேலே ‘காரம்’, கீழே ‘யூரிக் ஆசிட்’. என் கையெழுத்திலேயே, ஒரே தாளில், மாதா மாதம். இரண்டு வரிகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன, எழுதியவளுக்குக் கேட்கவில்லை.

நீல நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

1. கார நீரில் கரையாத யூரிக் ஆசிட்.
2. பஸ் செல் ஏராளம். கல்ச்சர் மூன்று முறை வைத்தும் கிருமி வளரவில்லை.
3. ஒவ்வொரு முறையும் கிருமிக்கு மருந்து. ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் மேலே.

இரண்டாவதற்கு எங்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், அதனால் கிருமி வளரவில்லை என்போம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுக்குமே சமாதானம் உண்டு. கீழே கீழே எழுதிப் பார்த்தபோதுதான் இல்லாமல் போயிற்று.

அன்று காலை கீல்வாத நோயாளி ஒருவருடைய சிறுநீரும் வந்திருந்தது. அதில் இருந்தது சந்தேகமில்லாத யூரிக் ஆசிட். இரண்டு குழாய்களிலும் சோடா உப்புக் கரைசல் விட்டு வெந்நீரில் வைத்தேன். கால் மணி நேரத்தில் கீல்வாதக்காரருடையது தெளிந்துவிட்டது. பாயுடையது அப்படியே அடியில் கிடந்தது.

எனக்கு பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இது யூரிக் ஆசிட் இல்லை. அப்படியானால் என்ன? கிருமியே இல்லாத இடத்துக்கு இத்தனை வெள்ளணுக்கள் யாரைப் பிடிக்க வந்தன?

மணி பன்னிரண்டே கால். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, பாய் ரிப்போர்ட் ரெடியா? மனுசன் எம்மா நேரமா குந்திகினு கீறாரு.”

“ரிப்போர்ட் இப்ப தர முடியாது சார். நம்ம லேப் டாக்டரம்மா பார்க்கணும்.”

“அவங்க சாயங்காலம்தானே வருவாங்க? யூரின் ரிப்போர்ட்டுக்கு டாக்டரம்மாவா? எப்பவும் போடறத போட்டுக் குடும்மா.”

“எப்பவும் போட்டதுதான் சார் தப்பு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஃபோன் வந்தா நீயே பேசிக்க” என்று போய்விட்டார். ஃபோன் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. நானே மாங்காட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

இதில் கவனியுங்கள். எனக்குத் தோன்றியதைச் சொல்லியிருந்தால் அந்த ஃபோன் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நோயாளிக்கு என்ன வியாதி என்று டாக்டருக்குச் சொல்ல நான் யார்? ஆகவே பார்த்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

“யாரும்மா நீ?”

“டெக்னீசியன் சார். உங்க பேஷண்ட் வாட்ச் கடை பாயோட கிரியாட்டினின் ரெண்டு புள்ளி ஆறு. ரெண்டு வாட்டி செஞ்சு பார்த்தேன்.”

நோட்டைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

“மூணு கல்ச்சர்லயும் ஒண்ணும் வளரல சார். யூரிக் ஆசிட்னு நான் எழுதிட்டிருந்தது யூரிக் ஆசிட் இல்ல. சோடாவுல கரையல. என்னன்னு எனக்குத் தெரியல. டாக்டரம்மா சாயங்காலம் வந்து பார்ப்பாங்க.”

“பஸ் செல்?”

“வெள்ளணு நிறைய இருக்கு சார். கிருமி ஒண்ணு கூடப் பார்க்கல.”

“இத்தன நாளா பஸ் செல்னுதானேம்மா எழுதின?”

“ஆமா சார். நான் எழுதினதுதான்.”

அவர் திட்டவில்லை. “சாயங்காலம் வரைக்கும் ஊசி வேணாம்னு பாய்கிட்ட சொல்லு. டாக்டரம்மாவ என்கிட்டப் பேசச் சொல்லு” என்று வைத்துவிட்டார். அவர் கெட்டிக்காரர்தான். நான் எழுதியதை நம்பினார், அவ்வளவுதான். சீழ் என்று எழுதிக் கொடுத்தால் யாரும் கிருமியைத்தான் தேடுவார்கள். நான் எண்ணிக்கை எழுதுவதாக நினைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நோயியல் டாக்டரம்மா நகரத்திலிருந்து வாரம் மூன்று மாலை வருவார். ஸ்லைடை நெடுநேரம் பார்த்தார். நான் எழுதியிருந்த மூன்று வரிகளையும் படித்தார். “எனக்கும் தெரியலம்மா” என்றார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. மிச்சமிருந்த சிறுநீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் டாக்டரம்மாவிடமிருந்து ஃபோன்.

“ஒரு அபூர்வமான படிகம் இருக்காம். யூரிக் ஆசிட் மாதிரியே தெரியுமாம். போலரைஸ் பண்ணின வெளிச்சத்துல பார்த்தா ஒவ்வொரு உருண்டையிலயும் கறுப்பா ஒரு சிலுவைக்கோடு விழணுமாம். இங்க கொண்டு வர்றதுக்குள்ள பாட்டில்ல கெட்டுப்போச்சு. புதுசா எடுத்துப் பார்க்கணும். நம்ம மைக்ராஸ்கோப்ல அந்த வசதி இல்லையே.”

எங்கள் மைக்ராஸ்கோப்பில் விளக்கே பாதி நாள் எரியாது. ஆனால் ஒளியை ஒரே திசைக்கு வடிகட்டிப் போலரைஸ் செய்யும் தகடு எதிலெல்லாம் இருக்கும் என்று யோசித்தபோது என் கையிலிருந்த டிஜிட்டல் வாட்ச்தான் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் கரையான்சாவடிக்கு நடந்தேன்.

“இதுவா?” என்று பாய் ஒரு டப்பாவைத் திறந்தார். நகத்தளவு, தபால்தலையளவு என்று மங்கலான தகடுகள். “டிஸ்ப்ளே மேல ஒட்டிகினு கீதே, அதான். இத திருப்பி ஒட்டிட்டேன்னு வெச்சுக்க, நம்பரே தெரியாது. தா பாரு.”

ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை வைத்துத் திருப்பினார். கண்ணாடி போலிருந்தது மெல்ல மெல்லக் கறுத்தது.

“எதுக்கு தங்கச்சி?”

“உங்கள பார்க்கத்தான்.”

“நம்ம சாமான வெச்சி நம்மளயே நோட்டம் உடறியா? சரி, நானும் வரேன்.”

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். புது சிறுநீரில் ஸ்லைடு தயாரித்தேன். விளக்கின் மேல் ஒரு தகடு, பார்க்கும் குழாயின் மேல் ஒரு தகடு. மேல் தகட்டை மெதுவாகத் திருப்பினேன். எல்லாம் இருண்டது. அந்த இருட்டில் பழுப்பு உருண்டைகள் மட்டும் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு சிலுவைக்கோடு.

பதினான்கு மாதம் பார்த்த அதே உருண்டைகள். அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பாய் தன் பழக்கப்படி ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை.

“தங்கச்சி, இது வாட்ச் வீலு மாதிரி கீதே. ஆரம் கூட கீது. இவ்ளோ வீலா உள்ள ஓடிகினு கீது?”

பிறகு நடந்தவை பெரிய ஆஸ்பத்திரியில். பாயின் சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே வருகிற வியாதி. உடம்பு பழையதை எடுத்து மறுபடி பயன்படுத்தும் வேலையில் ஒரே ஒரு நொதி அவருக்குக் குறைவு. அதனால் மிஞ்சும் பொருள் தண்ணீரில் கரையாத ஒன்றாக மாறி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகத் தங்குகிறது. அந்தச் சதையின் ஸ்லைடை டாக்டரம்மா எனக்காக வாங்கி வந்து காட்டினார். நான் எதிர்பார்த்தது படிகங்கள் குழாயைக் கிழித்திருப்பதை. படிகங்கள் கொஞ்சம்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக மொய்த்திருந்தன. கூட்டம் பழையதான இடங்களில் குழாய்களே இல்லை, வெறும் தழும்பு.

“படிகம் பண்ணின சேதத்தை விட, அதைப் பார்த்து ஓடி வந்தவங்க பண்ணினதுதான் அதிகம்” என்றார் டாக்டரம்மா. “அழற்சின்றது இதுதான். கிருமியே வேணும்னு இல்ல.”

எனக்குக் கேள்விகள் நிற்கவில்லை. கிருமிக்கும் படிகத்துக்கும் அந்த அணுக்களுக்கு வித்தியாசம் தெரியாதா? முதல் அணு மற்றவற்றை எப்படிக் கூப்பிடுகிறது? தூக்கிப்போட முடியாது என்று தெரிந்ததும் ஏன் திரும்பிப் போவதில்லை? டாக்டரம்மா சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு இன்னும் யாரிடமும் முழுப் பதில் இல்லை என்றார். அவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் காலத்தில் பதில் வந்தால் பக்கத்தில் எழுதுங்கள்.

பாய்க்கு இதை நான்தான் விளக்க முயன்றேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும் தங்கச்சி. வாட்ச்சுல தூசு பூந்தா தூசு நிறுத்தாது. அத சுத்தி எண்ண கட்டிக்கும் பாரு, தார் மாதிரி. அதான் வீல நிறுத்தும். தூசு கடுகு. அத சுத்தினது மல.”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அழற்சிக்கு இவ்வளவு நல்ல விளக்கம் இல்லை.

அந்தப் பொருள் உருவாவதையே தடுக்கும் மாத்திரை இருந்தது. கீல்வாதக்காரர்களுக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரைதான். அதோடு நிறையத் தண்ணீர். படிகங்கள் குறைந்தன. பின்னாலேயே வெள்ளணுக்களும் குறைந்தன. கிரியாட்டினின் 2.6இலிருந்து 1.9க்கு இறங்கி அங்கேயே நின்றது.

“இதுக்குக் கீழ வராதா?”

“தழும்பானது திரும்பாது, பாய்.”

“பதினாலு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா?”

“கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நான்தான் தப்பா எழுதினேன்” என்றேன். “ஊசிய நிறுத்தினதும் நீதானே” என்றார் பாய். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ஆனால் பதினான்கு மாதத் தவறிலிருந்து அந்த ஒரு ஊசியைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து மனைவியோடும் பெண் குழந்தையோடும் வந்தார். குழந்தைக்கு ஒன்றரை வயது.

“டாக்டரு கேட்டாரு, சொந்தத்துல கட்னியான்னு. மாமா பொண்ணுதான்னேன். அப்ப கொழந்தய பாக்கணும்ன்றாரு. இவ சொல்றா, கொழந்த துணில அப்பப்ப டீ கற மாதிரி பழுப்பா வருதாம். நாங்க சூடுன்னு நெனச்சோம் தங்கச்சி.”

சிறு குப்பியில் சிறுநீர் கொண்டு வந்திருந்தார். தகடுகளை வைத்துப் பார்த்தேன். லென்ஸில் தெரிந்த வட்டம் முழுக்க மின்னல். ஆனால் மின்னியவற்றில் பாதிக்கு வடிவமே சரியில்லை.

“குழந்தைக்குப் பவுடர் போட்டீங்களா?”

“வெளில வர்றோமே, போட்டுத்தான் இட்டாந்தேன்” என்றார் அவர் மனைவி.

பவுடர் துகளும் இந்த ஒளியில் மின்னும். உண்டு என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. நாளைக் காலை குளிப்பாட்டி, பவுடர் போடாமல், புதுக் குப்பியில் எடுத்து வரச் சொன்னேன்.

“ஒரு நாளா?” என்றார் பாய். “அதுவரைக்கும் நான் எப்படி தூங்கறது?”

“எனக்கும் தூக்கம் வராது, பாய். ஆனா இன்னொரு வாட்டி தப்பா எழுத மாட்டேன்.”

மறுநாள் காலை அவர்கள் எனக்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய நகல் எதுவும் இல்லாத ஒரு புதுப் படிவம். ஸ்லைடை வைத்தேன். சாதாரண வெளிச்சத்தில் ஒருமுறை, தகடுகளோடு ஒருமுறை, பிறகு வேறு ஸ்லைடில் மறுபடியும் ஒருமுறை. நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.

பாய் எழுந்து நின்றார். “வீலு கீதா?”

“இருக்கு பாய். கொஞ்சம்தான், ஆனா இருக்கு.”

அவர் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டார். பாய் தலையை ஆட்டினார், ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டவர் போல. அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார்.

“பஸ்ஸு?”

“ஒண்ணு கூட இல்ல. ரெண்டு ஸ்லைடுலயும் எண்ணிப் பார்த்துட்டேன்.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட.”

ரிப்போர்ட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி, நான் ‘வெள்ளணுக்கள்: இல்லை’ என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டார்.

“அப்ப டிப்போலேர்ந்து பஸ்ஸு கெளம்பறதுக்கு முன்னாடியே நாம வந்துட்டோம்” என்று குழந்தையிடம் சொன்னார்.